ஆஸ்டர்லிட்ஸ் போரை மேசையில் ஆடும்போது பிராட்சன் மேட்டை விட்டு இறங்க மறுக்கும் தளபதியை என்ன செய்வது?

கேள்வி கேட்டவர்: ஓடைக்கரை

வணக்கம். எங்கள் குழுவில் ஆறு பேர் இருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்கி, 1805 டிசம்பர் 2 அன்று மொராவியாவில் நெப்போலியன் ரஷ்ய, ஆஸ்திரியக் கூட்டணிப் படைகளை முறியடித்த ஆஸ்டர்லிட்ஸ் போரைப் பொம்மை வீரர்களைக் கொண்டு மேசையில் ஆட எண்ணியிருக்கிறோம். 6 மி.மீ. உருவங்கள் கையில் உள்ளன. ஆறடிக்கு நாலடி மேசை ஒன்றும் உள்ளது. சுடுதல், மோதுதல், மனவுறுதி ஆகியவற்றுக்கான விதிகளைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

போரின் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் எங்கள் சிக்கல். நெப்போலியன் நவம்பர் இறுதியில், போர்க்களத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் பிராட்சன் மேட்டைத் தாமாகவே விட்டு விலகினார்; தமது வலப்பக்கத்தை வேண்டுமென்றே மெலிதாக வைத்துக் கூட்டணியினரின் கண்ணில் படும்படி செய்தார். அவர்களும் ஏறத்தாழ 40,000 பேரை மேட்டிலிருந்து இறக்கி, கோல்ட்பாக் ஓடையை ஒட்டியிருந்த டெல்னிட்ஸ், சோகோல்னிட்ஸ் என்னும் இரண்டு ஊர்களின் மேல் ஏவினார்கள். மேடு காலியாகிக்கொண்டிருந்த வேளையில், காலை ஒன்பது மணியை ஒட்டி, மார்ஷல் சூல்ட்டின் இரண்டு டிவிஷன்கள் பள்ளத்தாக்கின் மூடுபனிக்குள்ளிருந்து ஏறி வந்து அதைப் பிடித்துக்கொண்டன.

எங்கள் கூட்டணித் தளபதி இதையெல்லாம் கரைத்துக் குடித்தவர். ஒத்திகையாக ஆடிப் பார்த்தபோது, தம் பக்கத்து 278 பீரங்கிகளுக்கும் உரிய அடித்தட்டுகளை (உருவங்களை ஒட்டிவைக்கும் தட்டுகள்) மேட்டின் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 139 பீரங்கிகள் மட்டுமே உடைய பிரெஞ்சுத் தளபதி அந்தச் சரிவில் நேராக ஏறி மோத வேண்டியதாயிற்று. மதிய உணவுக்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. இறங்கியே ஆக வேண்டும் என்று விதி எழுதினால், யாரோ எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்கும் கூத்து நடிகராக அவர் ஆகிவிடுகிறார். எழுதாமல் விட்டால் மேசையில் நடப்பது ஆஸ்டர்லிட்ஸாக இருப்பதில்லை. இதைப் பிறர் எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில்: பன்னிரண்டு பவுண்டு

வணக்கம், ஓடைக்கரை. போரை விடியலில் தொடங்காமல் ஒன்பது மணியில் தொடங்குவதே எளிய வழி என்பது என் கருத்து. கூட்டணித் தளபதிகள் டோக்துரோவ், லான்ஜெரோன், பிஷிபிஷெவ்ஸ்கி ஆகியோரின் முதல் மூன்று நெடுவரிசைகளும் ஓடைக்கரையில் ஊர்ச் சண்டையில் சிக்கியிருக்க, கொல்லோவ்ராட்டும் மிலோராடோவிச்சும் நடத்தும் நான்காம் நெடுவரிசை இன்னும் போர் அணியாக விரியாமல் மேட்டின் மேல் நடந்துகொண்டிருக்க, சூல்ட்டின் கீழுள்ள சேன் இலேர், வாண்டாம் ஆகியோரின் டிவிஷன்கள் சரிவில் பாதி ஏறியிருக்க, அந்த நிலையில் அடித்தட்டுகளை அடுக்கிவிட்டு முதல் பகடையை உருட்டுங்கள். இறங்கும் முடிவை எடுத்தவர் ஆஸ்திரியத் தலைமை அலுவலர் வைரோத்தர். உங்கள் நண்பர் அந்த முடிவின் விளைவிலிருந்து படையை மீட்க வந்தவர்.

அங்கிருந்து அவருக்குச் செய்ய வேண்டியது நிறையவே இருக்கிறது. அன்றைய போரில் லான்ஜெரோனின் நெடுவரிசைக் கடைக்கோடியில் இருந்த கமென்ஸ்கியின் பிரிகேட், மேலிடத்து ஆணைக்குக் காத்திராமல் திரும்பி மேட்டில் ஏறி, சேன் இலேரைத் திணறடித்தது. லான்ஜெரோனின் மற்றப் படைகளும் அதோடு திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வி ஒன்றே ஒரு பிற்பகலுக்குப் போதும். ரஷ்யக் காவல்படையின் குதிரைவீரர்கள் பிரெஞ்சு நான்காம் லைன் காலாட்படை ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியனை உடைத்து அதன் கழுகுச் சின்னத்தையே பறித்துச் சென்றார்கள். நெப்போலியன் தம் சொந்தக் காவல்படைக் குதிரைகளை இறக்கித்தான் அந்த ஓட்டையை அடைத்தார். ஆக, முடிவு ஒன்பது மணிக்கே எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

வெற்றியை அளப்பதற்கு இழப்புக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் பக்கம் சுமார் 9,000 பேர், கூட்டணிப் பக்கம் சிறைப்பட்டோரையும் சேர்த்து ஏறத்தாழ 27,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கூட்டணி 18,000-க்குக் குறைவாக இழந்து, படையின் பெரும்பகுதியைக் கிழக்கு விளிம்பு வழியே கொண்டுபோய்விட்டால் அவர்களுக்கு வெற்றி என்று எழுதிவிடுங்கள்.

பதில்: வரைபடப் பித்து

பன்னிரண்டு பவுண்டு சொன்ன முறையில் நல்ல ஆட்டம் கிடைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் நெப்போலியனாக ஆடுபவருக்கு அதில் என்ன மிஞ்சுகிறது? பொறி வைத்ததும் பொறி விழுந்ததும் நடந்து முடிந்த பிறகு, சூல்ட்டை எப்போது ஏவுவது என்ற அந்த நாளின் ஒரே பெரிய முடிவைக்கூட எடுக்க இயலாதவராக அவர் மேசைக்கு வருகிறார். குறைவாகத் தோற்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தருவதற்கு எத்தனை பேர் முன்வருவார்கள் என்பதும் எனக்கு ஐயமே.

ஓடைக்கரை, மேட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த உங்கள் நண்பர் செய்தது சரிதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ரஷ்யத் தளபதி குதூசோவின் எண்ணமும் ஏறத்தாழ அதுவே: மோதாமல் பின்வாங்கி, துணைப்படைகள் வந்து சேரும்வரை காத்திருப்பது. இத்தாலியிலிருந்து ஆஸ்திரிய ஆர்ச்டியூக் சார்லஸின் படை திரும்பிக்கொண்டிருந்தது. பிரஷ்யாவும் கூட்டணியின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. கடந்துபோன ஒவ்வொரு நாளும் நெப்போலியனுக்குக் கேடாகவே முடிந்திருக்கும். அப்படியிருந்தும் அவர்கள் ஏன் இறங்கினார்கள்? ஓல்மூட்ஸ் வட்டாரத்தில் படைக்கு வேண்டிய உணவு தீர்ந்துபோயிருந்தது. ரஷ்யப் பேரரசர் அலெக்சாந்தருக்கு வயது 27. அவரைச் சுற்றியிருந்த இளைஞர்கள் போரை விரும்பினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரி அஞ்சுகிறான் என்று அவர்கள் மனமார நம்பினார்கள். நெப்போலியன் ஜெனரல் சவாரியைச் சமாதானத் தூதராக அனுப்பினார். பதிலுக்கு வந்த ரஷ்ய இளவரசர் டோல்கோருகோவின் மிடுக்கான பேச்சைப் பொறுத்துக்கொண்டார். டோல்கோருகோவும் பிரெஞ்சுப் படை ஓட்டத்துக்குத் தயாராகிறது என்ற செய்தியோடு திரும்பிப் போனார். பிரெஞ்சு மார்ஷல்களான பெர்னடோட் வந்து சேர்ந்ததும், டாவூ வியன்னாவிலிருந்து விரைந்துகொண்டிருந்ததும் கூட்டணியின் கணக்கில் இடம்பெறவே இல்லை.

ஆகவே உங்கள் மேசையில் குறைவது விதி அன்று, ஐயம். பாசாங்கு பலிக்க வேண்டுமானால் அது உண்மையாகவும் இருக்கக்கூடும் என்ற நிலை இருக்க வேண்டும். நாங்கள் செய்வது இதுதான். நடுவர் மூன்று உறைகளை ஒட்டி வைப்பார். ஆட்டம் தொடங்குமுன் பிரெஞ்சுத் தளபதி அவற்றுள் ஒன்றை எடுத்துத் தனியே படித்துக்கொள்வார். முதல் உறையில் பிரெஞ்சுப் படை உண்மையிலேயே பலவீனமானது. டாவூவும் வரமாட்டார், பெர்னடோட்டும் வரமாட்டார். இருட்டும்வரை தாக்குப்பிடித்துவிட்டு வியன்னாச் சாலை வழியே நழுவிவிட்டால் பிரெஞ்சுக்கு வெற்றி. இரண்டாம் உறை வரலாற்றில் நடந்ததே. மூன்றாம் உறையில் படையின் கனம் முழுவதும் வடக்கே, சான்டோன் குன்றை ஒட்டி, மார்ஷல்கள் லானிடமும் முராவிடமும் குவிந்திருக்கும். எந்த உறை எடுக்கப்பட்டது என்பது கூட்டணித் தளபதிக்குத் தெரியாது. மேட்டில் உட்கார்ந்தே இருந்தால், முதல் உறையாக இருக்கும்பட்சத்தில் அவர் தோற்றுப்போவார். இப்போது இறங்குவதா வேண்டாமா என்று அவர் உண்மையாகவே நகம் கடிப்பார்.

படைகளை மறைக்கும் கலை இந்த ஆட்டத்துக்குப் புதிதன்று. பிரஷ்யப் படை அலுவலர் ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டத்திலேயே இரு பக்கமும் நடுவரிடம் ஆணைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவர் அவரவர் கண்ணுக்குத் தெரியக்கூடியதை மட்டுமே 1:8000 அளவுகொண்ட வரைபடத்தில் வைத்துக் காட்டுவார். அழகாக வண்ணம் தீட்டிய பொம்மைகளைத் தொடக்கம் முதலே மேசையில் நிறுத்திப் பார்க்கும் ஆசை வந்த பிறகுதான் நாம் அந்த நல்ல வழக்கத்தைக் கைவிட்டோம் என்று எனக்கு ஒரு குறை உண்டு.

பதில்: ஐந்தாம் நெடுவரிசை

உறைகள் நல்ல ஏற்பாடு. ஆனால் கூட்டணியின் முழுப் படையையும் ஒரே மூளை நடத்தும்வரை அது ஆஸ்டர்லிட்ஸ் ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். அன்றைக்குக் கூட்டணிக்குத் தலைவர் யார்? பெயரளவில் குதூசோவ், திட்டம் வைரோத்தருடையது, கடைசிச் சொல் அலெக்சாந்தருடையது. போருக்கு முந்தைய இரவு ஏறத்தாழ ஒரு மணிக்கு வைரோத்தர் தம் திட்டத்தை நீளமாக வாசித்தபோது குதூசோவ் தூங்கிவழிந்துகொண்டிருந்தார். எதிரி பிராட்சன் மேட்டில் நம்மைத் தாக்கினால் என்ன செய்வது என்று தாம் கேட்டதையும், அப்படி ஒன்று நடக்கும் என யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதுபோல் பதில் வந்ததையும் லான்ஜெரோன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஜெர்மன் மொழியில் இருந்த ஆணை ரஷ்யனில் எழுதப்பட்டுத் தளபதிகளின் கைக்கு வருவதற்குள் புறப்பட வேண்டிய வேளையே வந்துவிட்டது.

ஆறு பேர் இருக்கிறீர்கள் அல்லவா? ஒருவர் நடுவர். பிரெஞ்சுப் பக்கம் இரண்டு பேர் போதும்: ஒருவர் நெப்போலியன், மற்றவர் வலப்பக்கத்தைக் காக்கும் தளபதிகள் லெகிரானும் டாவூவும். கூட்டணிக்கு மூன்று பேர்: நான்காம் நெடுவரிசையோடு மேட்டில் நிற்கும் குதூசோவ், முதல் மூன்று நெடுவரிசைகளுக்கும் பொறுப்பான புக்ஸ்ஹோவ்டன், வடக்கே பக்ராத்தியோன், லீக்டன்ஸ்டைனின் குதிரைப்படை, கான்ஸ்டன்டீனின் காவல்படை ஆகியவற்றை நடத்தும் மூன்றாமவர். இவர்கள் மூவரும் ஆட்டத்தின் நடுவே பேசிக்கொள்ளக் கூடாது. எழுதிக் கொடுக்க வேண்டும். தாளை நடுவர் வாங்கிக்கொண்டு, குதிரைத் தூதர் போய்ச் சேரும் நேரம் கழிந்த பிறகே உரியவரிடம் கொடுக்க வேண்டும். உங்கள் மேசையில் 1 செ.மீ.-ஐ 60 மீட்டராக வைத்தால், அரை மணி நேரச் சுற்று ஒன்றில் தூதர் 60 செ.மீ. போவார் என்பது நியாயமான கணக்கு. தளபதி எங்கே நிற்கிறார் என்று தேடும் நேரமும் அதில் அடங்கிவிடும்.

மிக முக்கியமாக, அலெக்சாந்தராக நடுவரே இருக்கட்டும். அன்று காலை மேட்டில் நான்காம் நெடுவரிசையைக் குதூசோவ் நகர்த்தாமல் வைத்திருந்தபோது பேரரசர் குதிரையில் வந்து, நாம் அணிவகுப்பு மைதானத்திலா நிற்கிறோம், எல்லா ரெஜிமென்ட்டுகளும் வந்து சேரும்வரை காத்திருப்பதற்கு என்று கேட்டதாகவும், அணிவகுப்பு மைதானத்தில் இல்லை என்பதால்தான் காத்திருக்கிறேன் என்று குதூசோவ் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. பிறகு ஆணைக்குப் பணிந்து அவர் நகர்த்தினார். அதற்குச் சற்று நேரத்திலேயே சூல்ட் வந்துவிட்டார். இதையே விதியாக்குங்கள். எட்டு மணி முதல் ஒவ்வொரு சுற்றிலும் நடுவர் ஒரு பகடையை உருட்டி, ஐந்தோ ஆறோ விழுந்தால் குதூசோவிடம் வந்து ஏன் இன்னும் புறப்படவில்லை என்று கேட்கட்டும். குதூசோவாக ஆடுபவர் சொல்லும் காரணம் நடுவருக்கு நியாயமாகப் பட்டால் இன்னொரு சுற்று தங்கலாம்; படாவிட்டால் இறங்க வேண்டும். உங்கள் நண்பர் மேட்டில் உட்கார விரும்பினால் உட்காரட்டும், ஆனால் வாய் வலிக்கப் பேசி அதைச் சம்பாதிக்கட்டும்.

இன்னொன்று, என் பெயருக்காகவேனும் சொல்ல வேண்டும். ஐந்தாம் நெடுவரிசையான லீக்டன்ஸ்டைனின் குதிரைகள் முந்தைய இரவு தவறான இடத்தில் முகாமிட்டிருந்ததால், விடியலில் வடக்கே தம் இடத்துக்குப் போகும் வழியில் லான்ஜெரோனின் நெடுவரிசையைக் குறுக்கே வெட்டிக் கடந்து, அதை நெடுநேரம் நிறுத்திவைத்துவிட்டன. முதல் நெடுவரிசை டெல்னிட்ஸில் மோதிக்கொண்டிருந்தபோது இரண்டாவது இன்னும் வந்தபாடில்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் அந்தக் குதிரைகளைத் தெற்கே வைத்துவிடுங்கள். போக்குவரத்து நெரிசலுக்குத் தனி விதி தேவைப்படாது, அடித்தட்டுகள் தாமாகவே முட்டிக்கொள்ளும்.

பதில்: பன்னிரண்டு பவுண்டு

வரைபடப் பித்துவின் முதல் உறையைப் பற்றி ஒரு தயக்கம். பிரெஞ்சுப் படை பலவீனமாக இருந்து நழுவப் பார்க்கும் ஆட்டத்தில், மாதக்கணக்காக உட்கார்ந்து தீட்டிய காவல்படைக் குதிரைவீரர்கள் பெட்டியை விட்டே வெளியே வரமாட்டார்கள். ஆஸ்டர்லிட்ஸுக்காகக் கூடியவர்கள் ஆஸ்டர்லிட்ஸ் இல்லாமல் வீடு திரும்புவார்கள். மூன்று உறைகள் மேசையில் இருக்கின்றன என்று அறிவித்துவிட்டு, நடுவர் மூன்றிலும் இரண்டாம் திட்டத்தையே வைத்துவிட்டால் என்ன? கூட்டணித் தளபதிக்கு ஐயம் மிஞ்சும். சண்டையும் நிச்சயமாகக் கிடைக்கும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஓடைக்கரை 6 மி.மீ. உருவங்களைத் தேர்ந்தது அறிவான செயல். இதே போரை 28 மி.மீ. உருவங்களில், ஒரு பொம்மைக்கு 20 வீரர் என்ற கணக்கில் ஆட நினைப்பவர், பிரெஞ்சுப் பக்கம் 73,000, கூட்டணிப் பக்கம் 85,000 என்று வைத்துக்கொண்டால் 7,900 பொம்மைகளைத் தீட்ட வேண்டும். ஒரு பொம்மைக்கு 500 வீரர் என்றால் 316 போதும். பிரிகேட்டுக்கு ஓர் அடித்தட்டு என்று வைத்து, அதன் மேல் இருபது, முப்பது சிறு உருவங்களை நெருக்கமாக ஒட்டினால் கண்ணுக்கும் படை போலவே தெரியும். தீட்டும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1805-இல் பிரெஞ்சு லைன் காலாட்படை பெரும்பாலும் இருமுனைத் தொப்பியே அணிந்திருந்தது. உருளை வடிவ ஷாக்கோ அவர்களுக்கு விதிக்கப்பட்டது 1806-இல்தான். இலகு காலாட்படையினர் மட்டும் அதற்கு முன்பே அதை அணிந்துவந்தனர். கடையில் எளிதாகக் கிடைக்கும் பொம்மைகள் பிற்காலத்தவை. 6 மி.மீ.-இல் யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். உற்றுப் பார்ப்பவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார்.

பதில்: வரைபடப் பித்து

மூன்று உறைகளிலும் ஒன்றையே வைக்கும் தந்திரம் ஒரு முறைதான் செல்லும். அதன் பிறகு உங்கள் நடுவரை யாரும் நம்பமாட்டார்கள். நான் சொல்வது வேறு. முதல் உறையை எடுத்தவருக்கும் சண்டை உண்டு. பின்வாங்கும் படையைக் காக்கும் சண்டை. அதிலும் காவல்படைக்கு வேலை இருக்கும்படி அமைப்பது நடுவரின் கைத்திறன்.

பதில்: ஓடைக்கரை

மூவருக்கும் நன்றி. படித்ததும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஐந்தாம் நெடுவரிசை சொன்னபடி கூட்டணியை மூவருக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். மேட்டில் உட்கார்ந்த நண்பருக்கே குதூசோவ் பொறுப்பு. உறைகளை இரண்டாகக் குறைத்துக்கொள்கிறோம்: வரலாற்றில் நடந்தது ஒன்று, வடக்கே கனம் குவிந்தது மற்றொன்று. மேட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இரண்டாவதில் பக்ராத்தியோன் தனியே நசுங்கிவிடுவார் என்பதால், அந்த அச்சமே போதுமென்று தோன்றுகிறது. ஒன்பது மணித் தொடக்கத்தை, நேரம் குறைவாக உள்ள வேறொரு நாளுக்காக எடுத்து வைக்கிறேன்.

1 செ.மீ.-க்கு 60 மீட்டர் என்ற கணக்கில் எங்கள் மேசை ஏறத்தாழ 11 கி.மீ. நீளமும் 7.3 கி.மீ. அகலமும் கொண்ட நிலமாகிறது. வடக்கே சான்டோன் முதல் தெற்கே ஏரிகளின் விளிம்பு வரை அடங்கிவிடுகிறது. ஆஸ்டர்லிட்ஸ் ஊர் மட்டும் கிழக்கு விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. சண்டை அங்கே நடக்கவில்லை என்பதால் கவலையில்லை. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பள்ளத்தாக்கின் மூடுபனியை எப்படி ஆடுவது? உறைந்த ஏரிகளுக்கு என்ன விதி எழுதுவது?

பதில்: வரைபடப் பித்து

மூடுபனிக்கு வெள்ளைப் பஞ்சைப் பரப்புவோர் உண்டு. புகைப்படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் அடித்தட்டுகளை நகர்த்தும்போதெல்லாம் அது இழுபட்டு எரிச்சலூட்டும். கோல்ட்பாக் ஓடைக்கு இருபுறமும் 15 செ.மீ. தொலைவுக்குள் நிற்கும் பிரெஞ்சுப் படைகள் எதையும் மேசையில் வைக்காதீர்கள். எண்ணிட்ட அட்டைகளை மட்டும் வையுங்கள், அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு வெற்று அட்டைகளாக இருக்கட்டும். பனி இருக்கும்வரை 5 செ.மீ.-க்குள் எதிரி வந்தால்தான் அட்டை புரட்டப்படும். எட்டு மணிச் சுற்றிலிருந்து ஒரு பகடை: முதலில் ஆறு விழுந்தால் பனி விலகும், அடுத்த சுற்றில் ஐந்தும் ஆறும், அதற்கடுத்து நான்கு முதல் ஆறு வரை என்று வாய்ப்பை ஏற்றிக்கொண்டே போங்கள். சூல்ட்டுக்கு உச்சியை அடைய இருபது நிமிடம்கூடத் தேவைப்படாது என்று அவரே சொன்னார்; ஆகவே பனி விலகும் சுற்றிலேயே நெப்போலியன் ஏவினால் அவர் மேட்டில் ஏறிவிடுவார். முன்கூட்டியே ஏவினால் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் நெடுவரிசைகள் திரும்பி வந்துவிடும். தாமதித்தால் லெகிரான் சோகோல்னிட்ஸில் கரைந்துபோவார்.

டாவூவின் வரவையும் இப்படியே விட்டுவிடுங்கள். ஃபிரியானின் டிவிஷன் ஏறத்தாழ 110 கி.மீ. தொலைவை இரண்டே நாளில் நடந்து வந்தது; வந்தவர்களில் பலர் வழியிலேயே சோர்ந்து விழுந்ததால், வரிசையில் நின்றவர் நாலாயிரம் பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். மேற்கு விளிம்பில் ஏழரை மணிக்குப் பிறகு பகடைப்படி நுழையட்டும். எண்ணிக்கையில் சிறிய அடித்தட்டு, மனவுறுதியில் உயர்ந்த மதிப்பு.

ஏரிகளுக்குப் பெரிய விதி எழுதாதீர்கள். தப்பியோடிய கூட்டணி வீரர்கள் ஆயிரக்கணக்கானோர் உடைந்த பனிக்கட்டியில் மூழ்கினார்கள் என்பது நெப்போலியனின் போர் அறிக்கை வளர்த்த கதை. பிறகு ஏரி வடிக்கப்பட்டபோது பீரங்கிகளும் குதிரைகளின் உடல்களும் கிடைத்தனவே தவிர, மனித உடல்கள் மிகச் சிலவே. ஒரு பகடையில் ஒரு டிவிஷனை மூழ்கடிக்கும் விதி பல விதித்தொகுப்புகளில் உண்டு, அதை நீக்கிவிடலாம். காலாட்படையும் குதிரைப்படையும் பாதி வேகத்தில், அணி குலைந்த நிலையில் பனிக்கட்டியைக் கடக்கட்டும். பீரங்கி அடித்தட்டு எதுவும் கடக்க முயன்றால் அது இழக்கப்பட்டதாக எழுதிக்கொள்ளுங்கள். புக்ஸ்ஹோவ்டனாக ஆடுபவருக்கு மாலை நான்கு மணிக்கு அந்த முடிவே போதிய தலைவலியாக இருக்கும்.